பெரிய இலக்கோடு வேலை தேடுபவர் முன்கூட்டியே போட வேண்டிய கணக்கு

இருக்கிற வேலையைவிட இரண்டு படி மேலான வேலையை இலக்காக வைத்துத் தேடத் தொடங்குபவரிடம் "ஆசை இருக்கலாம், பேராசை கூடாது" என்று சொல்வதற்கு ஆட்கள் நிறைய உண்டு. அந்த வேலை கிடைக்க எவ்வளவு காலம் பிடிக்கும், அதுவரை குடும்பம் எதை வைத்து நடக்கும், நடுவில் எந்தெந்த இடத்தில் பணம் கரையும் என்று எடுத்துச் சொல்வதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. 2022 ஜூலை முதல் 2023 ஜனவரி வரை வேலையில்லாமல் இருந்தபோது எனக்கும் யாரும் சொல்லவில்லை. வராமல் போன சம்பளத்தையும் சேர்த்து நான்கேகால் லட்சம் ரூபாய் அளவுக்கு இழந்த பிறகு தெரிந்துகொண்டவற்றை நடந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கணினித் துறையில் வேலை தேடுபவர்களுக்குத் தமிழிலேயே ஏராளமான வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. பவுண்டரியிலும் (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை) மெஷின் ஷாப்பிலும் நின்று வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்பதால் இதை அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரின் புறநகரில் உள்ள ஒரு பவுண்டரியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். டிப்ளமோ படிப்போடு உள்ளே போய், வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் பி.இ. முடித்து, சீனியர் இன்ஜினியர் என்ற பதவி வரை வந்தேன். பம்ப் பாகங்களும், வாகனங்களுக்கான பிரேக் டிரம், ஹப் போன்ற இரும்பு வார்ப்படங்களும் எங்கள் ஆலையில் ஓடின. வாடிக்கையாளர் நிறுவனங்களிலிருந்து ஆடிட்டுக்கு வருகிற சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர்களை அழைத்துக்கொண்டு, மணலின் ஈரப்பதப் பதிவேட்டிலிருந்து பேக்கிங் பகுதி வரை நடந்து எல்லாவற்றையும் காட்டுவது என் பொறுப்பாக இருந்தது. ஒரு காஸ்டிங், அதாவது வார்ப்படம், ஏன் கெட்டது என்று நான் கண்டுபிடித்துச் சொல்வேன். இனி அப்படி ஒன்று கெடாமல் இருக்க ஆலையின் எந்த நடைமுறையை மாற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். அந்த இடத்துக்கு நான் போக வேண்டும் என்ற விருப்பம் பல ஆண்டுகளாக எனக்குள் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் வரை நீளும் வாகனத் தொழிற்பகுதியில், வாகனம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் ஆவது, அதுவரை ஆண்டுக்கு 7.2 லட்சமாக இருந்த என் சி.டி.சி.யை (நிறுவனம் ஊழியருக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) 14 லட்சத்துக்குக் கொண்டுபோவது என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த இலக்கை வைத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. பதவி, இடம், ஊதியம் மூன்றையும் வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் பின்னாளில் எதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

2022 ஏப்ரலில் மின் வாகனங்களுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து ஆஃபர் கடிதம் வந்தது. வாகனம் தயாரிக்கும் நிறுவனம் இல்லை என்றாலும் நான் விரும்பிய பதவி, ஊதியம் 12.5 லட்சம். எங்கள் ஆலையில் நோட்டீஸ் காலம் 90 நாட்கள். அவர்களோ 60 நாட்களுக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள். மீதி 30 நாட்களுக்கு உரிய அடிப்படைச் சம்பளம் 27,000 ரூபாயை விட்டுக்கொடுத்து ஜூன் இறுதியில் விடுவிப்புக் கடிதம் வாங்கினேன். பணியில் சேர வேண்டிய நாளுக்குச் சற்று முன்பு அங்கிருந்து போன் வந்தது. புராஜெக்ட் தள்ளிப்போகிறது, புதிய தேதியைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். சில வாரங்கள் கழித்து, அந்தப் பதவி தற்போது நிரப்பப்படவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. பழைய ஆலையில் கேட்டபோது என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். போனைக் கீழே வைத்த அந்த மாலையில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெகுநேரம் மொட்டை மாடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்ட ஆஃபரைத் திரும்பப் பெற்றால் இழப்பீடு கேட்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தேன். வழக்குத் தொடர முடியும், ஆனால் அதற்காகும் காலமும் செலவும் கிடைக்கக்கூடிய தொகைக்குக் கட்டுப்படியாகாது என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஆகவே பாதுகாப்பு என்பது ராஜினாமாவுக்கு முன்பு நாம் கேட்கிற கேள்விகளில்தான் இருக்கிறது. இந்தப் பதவி ஒருவர் விலகியதால் காலியானதா, புதிய புராஜெக்டுக்காக உருவாக்கப்பட்டதா என்று கேளுங்கள். புதிய புராஜெக்ட் என்றால் அதற்கான ஆர்டர் உறுதியாகிவிட்டதா, பதவிக்கு நிர்வாக ஒப்புதல் வந்துவிட்டதா என்று கேளுங்கள். ஆஃபர் கடிதத்தில் எந்தெந்தக் காரணங்களுக்காக அதைத் திரும்பப் பெறலாம் என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். நோட்டீஸ் காலத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் அதற்கான தொகையைத் தருவார்களா என்று கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான். பல நிறுவனங்கள் தருகின்றன. விடுவிப்புத் தேதியை இறுதி செய்வதற்கு முந்தைய வாரத்தில், சேரும் தேதியை உறுதிப்படுத்தி ஒரு மின்னஞ்சல் அனுப்பும்படி கேளுங்கள். இவற்றையெல்லாம் கேட்டால் ஆஃபர் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். இப்போது நான் இருக்கும் நிறுவனத்தில் இவை எல்லாவற்றையும் கேட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

நான் வெளியே வந்த நேரமும் கடினமான நேரம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022இல் மறைமலை நகர் ஆலையின் உற்பத்தி நின்றது. நான் விண்ணப்பித்த அதே நாற்காலிகளுக்கு, வாகன நிறுவனத்துக்குள்ளேயே பல்லாண்டுகள் வேலை செய்த அனுபவசாலிகளும் வரிசையில் நின்றார்கள். நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்த அறைகளில் அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளியை மாற்ற முடியாமல் சென்னையை விட்டு நகர முடியாத நிலையில், பழைய சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் சேர்ந்துவிடலாம் என்ற மனநிலையில் இருந்தார்கள். அவர்களுக்கு மேல் என்னை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தால்தான் என் இலக்குக்குப் பொருள் உண்டு என்று அங்கேதான் புரிந்தது. நீங்கள் தேடும் ஆண்டில் உங்கள் துறையில் எந்த ஆலை மூடப்பட்டது, எது விரிவாகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை மாதம் ஆகும் என்று மதிப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இலக்கைக் குறைக்கச் சொன்னார்கள். "மாப்ள, கெடைக்கற வேலைல மொதல்ல சேந்துருங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று மாமனார் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார். அவர் அக்கறையில் குறையில்லை. சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கேட்டால் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் வாகனத் துறையில் உங்களை அடுத்து எடுக்கப்போகிறவர் பார்ப்பது உங்கள் கடைசிப் பதவியையும் கடைசிச் சம்பளச் சீட்டையும்தான். 7.2 லட்சத்திலிருந்து 3.6 லட்சத்துக்கு இறங்கி ஓராண்டு இருந்தால், மறுபடி கேட்கும்போது பேச்சு 3.6 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். குடும்பத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் எந்த வேலையிலும் சேருவது சரிதான், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. வழி இருக்கிறதா இல்லையா என்பதைப் பயத்தை வைத்து முடிவு செய்யாமல் காகிதத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்தக் கணக்கை நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டோம். வைப்புத் தொகையாக 1,20,000 ரூபாய் இருந்தது. பணிக்கொடையாக 1,40,000 ரூபாய் வந்தது. குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கினால் இந்தத் தொகை வரும்; முப்பது நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். என் மனைவி தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியராக 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். வாடகை, பள்ளிக் கட்டணம், அப்பாவின் மருந்து, மளிகை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 40,000 ரூபாய். ஆக, மாதம் 26,000 ரூபாய் கையிருப்பிலிருந்து போகும். 2,60,000 ரூபாய் பத்து மாதங்களுக்கு வரும். அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் தூக்கம் வந்தது. பத்து மாதம் இருக்கிறது என்று தெரிந்தவர் பேசுகிற பேச்சும், எத்தனை நாள் தாங்கும் என்றே தெரியாதவர் பேசுகிற பேச்சும் நேர்முகத் தேர்வில் வேறு வேறாக ஒலிக்கும். இலக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குக் காலம் அதிகம் பிடிக்கும். காலத்தை வாங்குவது கையிருப்பு. அதனால் உயர்ந்த இலக்கு வைக்க விரும்புபவர் முதலில் தன் மாதச் செலவைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கணக்கைக் கலைத்தது அப்பாவின் கண்புரை அறுவைச் சிகிச்சை. வேலையில் இருந்தவரை பெற்றோருக்கும் சேர்த்து நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு இருந்தது. கடைசி வேலைநாளோடு அது முடிந்துபோகும் என்பதை விடுவிப்பு வேலைகளின் நடுவே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அக்டோபரில் அப்பாவுக்குப் பார்வை மங்கி, அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்றானபோது 42,000 ரூபாய் கையிலிருந்து போனது; எங்கள் கணக்கில் அது ஒன்றரை மாதத்துக்கும் மேல். புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்திருந்தாலும் கண்புரைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. ஆனால் குழுக் காப்பீட்டில் இருந்தவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளவும், ஏற்கெனவே கழித்த காலத்தைக் காத்திருப்பில் கழித்துக்கொள்ளவும் விதிகளில் இடம் இருக்கிறது. வேலையை விடும் முன்பே மனிதவளப் பிரிவில் இதைக் கேட்டு, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். வயதான பெற்றோர் இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இதைச் செய்யுங்கள்.

இனி தேடலுக்கு வருகிறேன். முதல் ஒரு மாதம் நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பித்தேன், பதிலே வரவில்லை. அதை நிறுத்திவிட்டு, நான் விரும்பிய பதவிக்கான விளம்பரங்களை மட்டும் சேர்த்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது எது என்று கோடிட்டுப் பார்த்தேன். வாகனத் துறையின் தர நிர்வாகத் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949இல் உள் தணிக்கையாளர் சான்றிதழ், கோர் டூல்ஸ் என்று சொல்லப்படும் ஐந்து தர முறைகளில் தேர்ச்சி, நிறுவன நிர்வாகத்துக்கான சாப் மென்பொருளின் தரப் பிரிவில் பழக்கம், அதிகப் பயணம், ஆங்கிலத்தில் சரளம் ஆகியவை அநேகமாக எல்லாவற்றிலும் இருந்தன. கோர் டூல்ஸ் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவற்றில் ஒன்றான, எங்கே எப்படித் தவறு வரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் எஃப்.எம்.ஈ.ஏ.வில் எங்கள் ஆலை இன்னும் தீவிரம், நிகழ்வு, கண்டறிதல் மூன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துப் பெருக்கி ஆர்.பி.என். என்ற ஆபத்து எண் போடும் பழைய முறையிலேயே இருந்தது. 2019இல் அமெரிக்க, ஜெர்மானிய வாகனச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட கையேடு அந்தப் பெருக்கலை விட்டுவிட்டு, முன்னுரிமை அட்டவணைக்கு மாறியிருந்தது. நான் கலந்துகொண்ட ஒரு நேர்முகத் தேர்வில் இதைப் பற்றிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாம் நன்றாகச் செய்கிற வேலையே வெளியில் எவ்வளவு நகர்ந்துவிட்டது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. பெரிய இலக்கை எழுதியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த இடத்தில் இருப்பவர் இன்று என்ன செய்கிறார், நமக்கும் அவருக்கும் இடையில் என்னென்ன குறைகிறது என்று எழுதுவது. அந்தக் குறைகளில் சில வார இறுதி வகுப்பில் சரியாகும், சிலவற்றுக்கு ஆண்டுகள் ஆகும். சரியாகக் கூடியவற்றை மட்டும் தேடல் காலத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

வேலை கிடைப்பது என் கையில் இல்லை என்பதால் அதை வார இலக்காக வைப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வாரமும் என் கையில் இருப்பவற்றை மட்டும் எழுதினேன்: இந்த வாரம் யார் யாரிடம் பேச வேண்டும், எந்தப் பாடத்தை முடிக்க வேண்டும், எந்த நிறுவனத்துக்காக ரெஸ்யூமைத் திருத்த வேண்டும். ரெஸ்யூமில் "தரக் கட்டுப்பாட்டைக் கவனித்தேன்" என்றிருந்த வரிகளை எடுத்துவிட்டு, எந்தப் பாகத்தில் ரிஜெக்ஷன் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனைக்கு இறங்கியது, அதற்கு நான் மாற்றியது என்ன என்று எழுதினேன். வேலையில்லாத இடைவெளியை மறைக்காமல், உடனே சேரத் தயார் என்று மேலேயே போட்டேன். ஆள் எடுப்பவர்கள் நோட்டீஸ் காலத்தை வைத்து வடிகட்டித் தேடுவதால் அதன் பிறகு அழைப்புகள் கூடின. 90 நாள் நோட்டீஸ் உள்ளவருக்கு இல்லாத ஒரே சாதகம் வேலையில்லாதவருக்கு அது, அதைத் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது ஆடிட்டுக்கு வந்தவர்களோடு பேசியதுதான். வாடிக்கையாளர் நிறுவனம் தன் சப்ளையரிடமிருந்து ஆள் எடுப்பதில்லை என்ற புரிதல் பல இடங்களில் உண்டு. அதனால் வேலையில் இருந்தபோது அவர்களிடம் கேட்க முடியாது. வெளியே வந்த பிறகு அந்தத் தடை இல்லை. கேட்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. நேற்று வரை அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நான் இன்று வேலை கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பல நாட்கள் போனை எடுத்து எடுத்து வைத்தேன். கடைசியில் ஒருவரை அழைத்து, "சார், எனக்கு வேலை வாங்கித் தாங்கன்னு கேக்கலை; இந்த வேலைக்கு என்கிட்ட எது குறையுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார். உங்கள் வேலை தெரியும், ஆனால் பேசும்போது நீங்கள் எப்போதும் சப்ளையர் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறீர்கள், வாங்குபவர் பக்கம் நின்று யோசிக்கப் பழகுங்கள் என்றார். பெரும்பணம் கட்டிப் படிக்கும் எந்த வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. வேலை கேட்டு அழைத்தால் மறுக்க வேண்டியவர், கருத்துக் கேட்டு அழைத்தால் மனம் திறந்து பேசுவார். அவர் பின்னர் தாமாகவே என் ரெஸ்யூமை இரண்டு இடங்களுக்கு அனுப்பினார்.

அந்தப் பேச்சின் பயனை நவம்பரில் ஒரகடத்தில் நடந்த நேர்முகத் தேர்வில் பார்த்தேன். மேசைமேல் ஒரு பிரேக் டிரம் காஸ்டிங்கை வைத்தார்கள். மெஷின் செய்த முகத்தில் புளோ ஹோல் என்று நாங்கள் சொல்கிற காற்றுத் துளை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, உள்சுவர் பளபளப்பாகத் தெரிந்தது. இது எங்கள் அசெம்பிளி லைனில் கிடைத்தது, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பழைய நான் என்றால் உடனே மணலின் ஈரப்பதம், வார்ப்படத்தின் உள் வெற்றிடத்துக்கு வைக்கும் மணல் அச்சான கோரில் காற்று வெளியேறும் வழி, ஊற்றும் வெப்பநிலை என்று காரணங்களில் இறங்கியிருப்பேன். அன்றைக்கு, முதலில் உங்கள் லைனில் இருப்பது, கிடங்கில் இருப்பது, லாரியில் வந்துகொண்டிருப்பது, சப்ளையரிடம் இருப்பது எல்லாவற்றையும் பிரித்து நிறுத்துவேன், நல்ல பாகம் லைனுக்குத் தடையில்லாமல் வருவதை உறுதி செய்வேன், இந்த ஹீட் எண்ணில், அதாவது ஒரே உருக்கில், வார்த்த மற்றவை எங்கே போயின என்று பார்ப்பேன், காரணத்தை அதற்குப் பிறகுதான் தேடுவேன் என்றேன். கேட்டவர் தன் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு, அடுத்த அரை மணி நேரமும் என்னைப் பவுண்டரியைப் பற்றியே பேசவைத்தார். வாகன நிறுவனத்திலிருந்து வந்தவர்களுக்கு மேல் என்னிடம் இருந்தது அதுதான்: உருக்கிய இரும்பின் பக்கத்தில் ஒன்பது ஆண்டு நின்ற அனுபவம். இலக்கு உயரமாக இருக்கும்போது நம்மிடம் இல்லாதவற்றின் பட்டியல் நீளமாகத் தெரியும். நம்மிடம் மட்டும் இருப்பது எது என்பதையும் அதே அக்கறையோடு தேடி வைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில், டிசம்பர் 31 வரை நோட்டில் எழுதியபடியே தேடுவது, அதற்குள் எதுவும் கூடி வராவிட்டால் எழுதியவற்றில் ஊதியத்தையும் நிறுவன வகையையும் தளர்த்துவது, பதவியைத் தளர்த்துவதில்லை என்று ஆகஸ்டிலேயே இருவரும் பேசி முடிவு செய்து வைத்திருந்தோம். இந்த ஒரு ஏற்பாடு என் மனநிலையைக் காப்பாற்றியது. நிராகரிப்பு வந்த மாலையில் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றும், நல்ல அழைப்பு வந்த காலையில் இன்னும் அதிகம் கேட்கலாம் என்று தோன்றும். இரண்டு நேரத்திலும் முடிவெடுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போனது. அக்டோபரில் ஒரு வாகன நிறுவனத்தின் வளாகத்திலேயே, வேறொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில், ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு வேலை வந்தது. வாசலில் பெரிய பெயர்ப்பலகை இருக்கும்; உள்ளே செய்ய வேண்டியதோ வரும் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. நோட்டில் பதவியும் எழுதப்பட்டிருந்ததால் மறுத்தேன். மறுத்த பிறகு பல இரவுகள் பயந்துகொண்டுதான் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பண்டிகை நாட்களில் உறவினர் வீடுகளுக்குப் போகாமல் தவிர்த்தேன். என்ன பண்றீங்க என்ற கேள்வியைத் தாங்க முடியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் ஒருவரிடமாவது, வாரம் ஒருமுறையாவது, உள்ளதை உள்ளபடி பேசிவிடுங்கள். எனக்கு மனைவியோடு அந்தப் பேச்சு இருந்திருக்காவிட்டால் இலக்கைப் பற்றி எழுத இன்று எதுவும் இருந்திருக்காது.

ஒரகடத்தில் கேட்ட அந்தப் பிரேக் பாக நிறுவனம் ஜனவரியில் ஆஃபர் கொடுத்தது. வாகன நிறுவனம் அல்ல, அவற்றுக்குப் பாகம் கொடுக்கும் நிறுவனம். ஆனால் பதவி நான் எழுதியதே, பவுண்டரி சப்ளையர்கள் முழுவதும் என் பொறுப்பு. முதலில், கடைசி சி.டி.சி.க்கு மேல் 25 சதவீதம் என்று 9 லட்சம் சொன்னார்கள். என் பழைய சம்பளம் வேறொரு பதவிக்கானது, இந்தப் பதவிக்கு உங்களிடமே இருப்பவர்களுக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்களோ அதற்குள் பேசலாம் என்றேன், 11.4 லட்சத்தில் முடிந்தது. அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் பத்து சதவீதம் ஆண்டு முடிவில் செயல்பாட்டைப் பொறுத்து வருவது. நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று வைக்கும் பணிக்கொடை, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவையும் அதற்குள்தான். எல்லாம் போக மாதச் சம்பளம் 81,000 ரூபாய் அளவில் நின்றது. என் பங்கு பி.எஃப்.பும் பிற பிடித்தங்களும் அதற்குப் பிறகு. இலக்கை சி.டி.சி.யில் எழுதுபவர்கள் கூடவே கைக்கு வரும் தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கோவையிலிருந்து சென்னைப் பக்கம் வாடகைக்குப் போகிறவர்கள். வீட்டு முன்பணம், சாமான் ஏற்றிய வண்டி, முதல் சம்பளம் வரும் வரையிலான ஒரு மாதச் செலவு ஆகியவற்றுக்கு 60,000 ரூபாய் நகைக்கடன் வாங்க வேண்டியிருந்தது. வேலை கிடைத்த நாளோடு பணத் தட்டுப்பாடு முடிந்துவிடாது, அதற்குப் பிறகும் ஒன்றரை மாதத்துக்கு ஏற்பாடு வேண்டும்.

கைச்செலவுக்கு நெருக்கடி வந்தபோது பி.எஃப். பணத்தை எடுத்துவிடச் சொன்னவர்கள் பலர். நான் எடுக்கவில்லை. பி.எஃப்.போடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். எனக்கு ஒன்பது ஆகியிருந்தது. ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த ஒன்பதும் கணக்கிலிருந்து போயிருக்கும். புதிய நிறுவனத்தில் பி.எஃப். உறுப்பினருக்கான அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொண்டேன். பழைய ஆலை நான் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்ததால் மாற்றம் முதலில் நின்றுபோனது; கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதங்கள் கழித்து அந்தத் தேதியை உறுப்பினரே இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று தெரிந்ததும் அது சரியானது.

வாகன நிறுவனத்தில் சேரும் இலக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஜெர்மானிய நிறுவனங்கள் கேட்கும் வி.டி.ஏ. 6.3 செயல்முறைத் தணிக்கைப் பயிற்சியை முடித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசுவது பயணங்களில் தானாகவே தேறிவருகிறது. பெற்றோருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்தாகிவிட்டது, காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு மாத வீட்டுச் செலவுக்கான தொகை வங்கியில் சேர்ந்த பிறகே விண்ணப்பிக்கத் தொடங்குவது என்று வைத்திருக்கிறோம். இப்போதைக்கு ஐந்து மாதத்துக்கு உரியது சேர்ந்திருக்கிறது.